எடைக்குறைப்பு அறுவைக்குப் பிறகு மறு அறுவையா? நெல்லைப் பகுதியினருக்கான வழிகாட்டி

2017ஆம் ஆண்டு சென்னையில் எனக்கு ஸ்லீவ் அறுவை, அதாவது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்து மீதியைக் குழாய் போலாக்கும் எடைக்குறைப்பு அறுவை நடந்தது. 121 கிலோவாக இருந்த எடை ஒன்றரை ஆண்டில் 76க்கு இறங்கி, பின்னர் மெல்ல மெல்ல 98க்கு ஏறியது. ஏறிய எடையைவிட என்னை வதைத்தது இரவு நேர எதுக்களிப்புதான். படுத்த அரை மணி நேரத்தில் புளித்த நீர் தொண்டைக்கு வந்து, இருமி எழுந்து, மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே விடியும்வரை காத்திருப்பேன். மறு அறுவைதான் வழி என்று தெரிந்த பிறகு, பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்கும் சென்னைக்கும் பதினொரு மாதங்கள் அலைந்தேன். அதில் ஆறு மாதங்கள் முழுக்க வீண். செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்ததுதான் காரணம். நான் மருத்துவன் அல்லன், கூட்டுறவு வங்கி ஒன்றில் எழுத்தர். மருத்துவ முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். காகிதம், பணம், நாள் ஆகிய மூன்றையும் எப்படிக் கையாள்வது என்பதற்கு இதைப் படியுங்கள்.

1. மறு அறுவை எதற்காக என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ளுங்கள்

"எடை திரும்பிவிட்டது, நெஞ்செரிச்சலும் இருக்கிறது, சத்துக் குறைவும் இருக்கிறது" என்று எல்லாவற்றையும் கலந்து சொன்னால் மருத்துவர் ஒரு பாதையையும் காப்பீட்டு நிறுவனம் வேறொரு பாதையையும் பிடித்துக்கொள்ளும். உங்களை அதிகமாக வருத்துவது எது என்று முதலில் நீங்களே முடிவு செய்யுங்கள். ஸ்லீவ் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் எதுக்களிப்பு, இரைப்பைக் குழாய் சுருங்கி அடைப்பது, எடை போதிய அளவு குறையாதது அல்லது குறைந்து மீண்டும் ஏறுவது ஆகியவை காரணங்களாக அமைகின்றன. பைபாஸ் (இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேரே இணைப்பது) செய்தவர்களுக்கு இணைப்பிடத்துப் புண், குடல் உள்ளுக்குள் சிக்கிக்கொள்வது, கடுமையான சத்துக் குறைவு ஆகியவை காரணங்களாகலாம். பழைய காலத்து முறைப்படி இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி வளையம் பொருத்தியவர்களுக்கு அது நழுவியிருக்கலாம், இரைப்பைச் சுவரை அரித்து உள்ளே போயிருக்கவும் கூடும்.

எந்த அறுவை, எவ்வளவு செலவு, காப்பீடு கிடைக்குமா என்ற மூன்று கேள்விகளுக்குமான விடை இந்த ஒரு வாக்கியத்திலிருந்துதான் கிளம்புகிறது. எனக்கு இது புரிய ஐந்து மாதங்கள் ஆயின.

2. பழைய அறுவையின் ஆவணங்களைத் திரட்டுங்கள்

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கிறதே, அது போதாதா என்று நானும் நினைத்தேன். என்னுடைய சம்மரியில் "லேப்பரோஸ்கோபி முறையில் ஸ்லீவ் செய்யப்பட்டது" என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. மறு அறுவை செய்யப்போகிறவருக்கு அந்த வரியால் பயன் எதுவும் இல்லை. அவர் கேட்பது ஆபரேஷன் நோட்ஸ் எனப்படும் அறுவைக் குறிப்பு. இரைப்பையை எந்த அளவுக் குழாயை வைத்து வெட்டினார்கள், வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் கருவிக்கு எத்தனை தோட்டாக்கள் பயன்பட்டன, ஹெர்னியா (இரைப்பை மார்பை நோக்கி மேலே பிதுங்குவது) இருந்ததா, அதைத் தைத்தார்களா, பைபாஸ் என்றால் குடலை எத்தனை சென்டிமீட்டர் விட்டு இணைத்தார்கள் என்பவையெல்லாம் அந்தக் குறிப்பில்தான் இருக்கும்.

திரட்ட வேண்டியவை: அறுவைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, வெட்டி எடுத்த இரைப்பையின் திசு ஆய்வு அறிக்கை, ஸ்டேப்ளர் ஒட்டுச்சீட்டுகள் உள்ள தாள், அறுவைக்கு முன் எடுத்த எண்டோஸ்கோபி அறிக்கை, அறுவையின் வீடியோ பதிவு இருந்தால் அது, மொத்த பில்.

மருத்துவமனை கொடுக்கத் தயங்கினால், இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளைச் சுட்டி எழுத்து வடிவில் விண்ணப்பியுங்கள். நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது விதி. ஆனால் ஆவணங்களைக் காப்பதற்கு அதே விதி வைத்திருக்கும் காலம் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் மட்டுமே. ஆகவே மறு அறுவை பற்றிய எண்ணமே இல்லாவிட்டாலும், முதல் அறுவை முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகாதவர்கள் இந்த வாரமே விண்ணப்பித்து வாங்கி வைத்துவிடுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரை வாங்குங்கள். முடியாவிட்டால் பதிவு வசதியுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள்.

நான் போனபோது ஆறாண்டுகள் கடந்திருந்தன. கோப்பு கிடங்கில் இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்று மூன்று முறை அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் இரவு ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்பினேன். கடைசியில் கோப்பு கிடைக்கவே இல்லை. வீட்டில் பழைய பில் கட்டைப் பிரித்தபோது, அதன் கடைசித் தாளின் பின்புறம் ஆறு ஸ்டேப்ளர் ஒட்டுச்சீட்டுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. ஒன்றின் மூலை மட்டும் கிழிந்திருந்தது. மறு அறுவை செய்த மருத்துவர் அந்தத் தாளை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, இது கிடைத்ததே பெரிது என்றார். முதல் அறுவைக்குக் காப்பீடு பெற்றவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. அன்று நீங்கள் கொடுத்த ஆவணங்களின் நகல் காப்பீட்டு நிறுவனத்திடம் இருக்கக்கூடும், அங்கே கேட்டுப் பாருங்கள்.

முன்னெழுத்து விஷயத்தில் கவனமாக இருங்கள். பழைய ஆவணத்தில் முன்னெழுத்துடனும், ஆதாரில் தந்தை பெயர் விரித்தும், பாலிசியில் பெயர் முன்பின்னாகவும் இருந்தால் மூவரும் ஒருவரே என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நோட்டரி முன் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையில் வைத்துக்கொண்டால் கடைசி நேர ஓட்டம் மிச்சமாகும்.

இவற்றுடன் ஒரு தாளில் எடை வரலாற்றை எழுதுங்கள். அறுவை நாளன்று இருந்த எடை, அதன்பின் எட்டிய மிகக் குறைந்த எடையும் அதன் மாதமும், இன்றைய எடை ஆகிய மூன்றும் கட்டாயம் வேண்டும்.

3. பரிசோதனைகள்

எண்டோஸ்கோபி, மருந்து குடித்து எடுக்கும் எக்ஸ்ரே, வயிற்று சி.டி. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஆகிய நான்கும் அநேகமாக எல்லோருக்கும் கேட்கப்படும். பாளையங்கோட்டையிலும் வண்ணார்பேட்டையிலும் இவற்றைச் செய்துகொள்ளலாம். இவற்றுக்காகவே சென்னைக்கு ஓட வேண்டாம். ஆனால் எண்டோஸ்கோபியை, எடைக்குறைப்பு அறுவை செய்த வயிற்றைப் பார்த்துப் பழகியவரிடம் செய்துகொள்ளுங்கள். நான் முதலில் செய்த இடத்தில் "அறுவைக்குப் பிந்தைய மாற்றங்கள், மற்றவை இயல்பு" என்று எழுதி, ஒரு படம்கூட இல்லாமல் கொடுத்தார்கள். அதை எந்த மருத்துவரும் ஏற்கவில்லை. இரண்டாவது முறை செய்தபோதுதான் உணவுக்குழாய் அழற்சி சி தரத்தில் (ஏ முதல் டி வரை, டி மிகக் கடுமை) இருப்பதும், 3 சென்டிமீட்டர் ஹெர்னியா இருப்பதும் தெரிந்தன. அழற்சியின் தரம், ஹெர்னியாவின் அளவு, சுருக்கம் உண்டா, பித்தம் தேங்கியுள்ளதா, எச். பைலோரி கிருமி உண்டா ஆகியவை அறிக்கையில் எழுத்தில் இருக்க வேண்டும் என்றும், வண்ணப் படங்கள் வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் கிருமிப் பரிசோதனையில் தவறான விடை வரலாம்; எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலிக் அமிலம், டி வைட்டமின், கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு, கிரியாட்டினின் ஆகியவற்றை ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். என் ஹீமோகுளோபின் 9.6 இருந்தது. இரும்புச் சத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றி அதை 12க்குக் கொண்டுவர இரண்டு மாதங்கள் ஆயின. அதற்குமுன் நாள் குறிக்க மருத்துவர் ஒப்பவில்லை.

4. அறுவை இல்லாமல் தீருமா என்று கேளுங்கள்

எடை மட்டுமே பிரச்சினை என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரைகள், சில மனநல மருந்துகள், கூடவே நாள் முழுவதும் கொறிக்கிற மிக்சரும் சர்க்கரை போட்ட காபியும் எடையை ஏற்றும். வயிற்றை எத்தனை முறை தைத்தாலும் காபிக்கு வழி இருக்கத்தான் செய்யும். மவுஞ்சாரோ போன்ற வாராந்தர ஊசிகள் 2025 மார்ச் முதல் இந்தியாவிலும் கிடைக்கின்றன. மறு அறுவைக்குப் பதிலாக அவற்றை முயன்று பார்க்கலாமா என்று கேளுங்கள். நிறுத்தினால் எடை திரும்புவது வழக்கம் என்பதால் மாதச் செலவைப் பல ஆண்டுகளுக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் அறுவை முடிந்து ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் எடைக்காக மட்டும் மறு அறுவை செய்ய நல்ல மருத்துவர்கள் அவசரப்படுவதில்லை.

5. எந்த அறுவை, யாரிடம்

மறு அறுவையில் கசிவு, ரத்தப்போக்கு போன்ற சிக்கல்கள் முதல் அறுவையைவிட அதிகம். பழைய தழும்பு ஒட்டிக்கிடக்கும், திசு தடித்திருக்கும். ஆகவே எத்தனை அறுவைகள் செய்திருக்கிறீர்கள் என்று கேட்பதைவிட, எத்தனை மறு அறுவைகள் செய்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். கேள்வியைக் கேட்டுக் கோபப்படுகிற மருத்துவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம் என்பது என் கருத்து.

கடும் எதுக்களிப்பு உள்ள ஸ்லீவ்காரர்களுக்குப் பொதுவாக ஆர்.ஒய். பைபாஸ் என்கிற இரட்டை இணைப்பு பைபாஸைப் பரிந்துரைக்கிறார்கள். ஒற்றை இணைப்பு கொண்ட மினி பைபாஸில் பித்தம் மேலேறும் வாய்ப்பு இருப்பதால், எதுக்களிப்புக்காகப் போகிறவரிடம் அதைச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஸ்லீவையே மீண்டும் இறுக்கிச் செய்கிறேன் என்றாலும் அதே கேள்வியைக் கேளுங்கள். எனக்கு முதலில் மினி பைபாஸ்தான் சொன்னார்கள், மலிவு என்பதற்காக நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். இரண்டாவது மருத்துவர் எண்டோஸ்கோபிப் படத்தைக் காட்டி விளக்கிய பிறகே மாற்றினேன். வளையம் உள்ளே அரித்துப் போனவர்களுக்கு முதலில் அதை அகற்றி, சில மாதங்கள் ஆறவிட்டு அடுத்ததைச் செய்வது வழக்கம். அவர்கள் இரண்டு செலவுகளுக்கும் இரண்டு விடுப்புகளுக்கும் தயாராக வேண்டும்.

6. காப்பீடு

அதிகமாக ஏமாறுகிற இடம் இதுதான். உடல் பருமன் அறுவைக்குப் பெரும்பாலான பாலிசிகளில் ஒரே மாதிரியான நிபந்தனை உண்டு: வயது 18 நிறைந்திருக்க வேண்டும், பி.எம்.ஐ. எனும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35 முதல் 40க்குள் என்றால் இதய நோய், கடுமையான உறக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத சர்க்கரை போன்றவற்றுள் ஒன்று இருக்க வேண்டும். 2022இல் வெளியான சர்வதேச மருத்துவப் பரிந்துரைகள் ஆசியர்களுக்கு வரம்பை 27.5 வரை தளர்த்தியிருக்கின்றன. மருத்துவர் அதை வைத்து உங்களுக்கு அறுவை தேவை என்பார். காப்பீட்டு நிறுவனம் பழைய கணக்கை வைத்து இல்லை என்னும். இரண்டு பேரும் அவரவர் கணக்கில் சரியாகத்தான் பேசுகிறார்கள், நடுவில் நிற்பது நாம்.

மறு அறுவைக்கு வருகிறவர்களில் பலருக்கு எடை ஓரளவு குறைந்துதான் இருக்கும். என் உயரம் 168 சென்டிமீட்டர். 98 கிலோவுக்கு பி.எம்.ஐ. 34.7. மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் இருந்தவர் முன் அனுமதிப் படிவத்தில் நோய் என்ற கட்டத்தில் வழக்கம்போல "உடல் பருமன்" என்று நிரப்பி அனுப்பினார். மறுநாள் மறுத்துவிட்டார்கள். முதல் படியில் எழுதிய வாக்கியம் இங்கேதான் கைகொடுத்தது. என் அறுவை எடைக்காக அல்ல, பழைய அறுவையின் பின்விளைவுக்காக என்பதை மருத்துவரே தம் கடிதத்தில் அழற்சியின் தரம், ஹெர்னியாவின் அளவு, எட்டு மாத மாத்திரைக்கும் அடங்காதது ஆகிய விவரங்களோடு எழுதினார். படிவம் திருத்தி அனுப்பப்பட்டது, ஐந்து நாட்களில் அனுமதி வந்தது. உண்மையில் எடைக்காகவே செய்துகொள்கிறவர் இப்படி எழுதச் சொல்லாதீர்கள். எண்டோஸ்கோபி அறிக்கை காட்டிக்கொடுத்துவிடும், பாலிசியும் போய்விடும்.

பாலிசி எடுத்தபோது முதல் அறுவையை மறைத்திருந்தால் மறுப்பது எளிது. புதிதாக எடுக்கிறவர்கள் அதை எழுதிவிடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் இப்போது அதிகபட்சம் 36 மாதங்கள். கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரம் என்று 2024இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. ஆனால் கூடுதல் விவரம் கேட்கத் தொடங்கினால் நாட்கள் ஓடும். ஆகவே அறுவைக்குப் பத்து நாள் முன்பே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாட்களில் தீராவிட்டால், அல்லது வரும் பதில் நிறைவளிக்காவிட்டால், ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்தினர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை வைத்திருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் பெற்ற வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போங்கள். உங்களுக்குச் செய்யப்போகும் அறுவையின் பெயரைச் சொல்லி, அது திட்டப் பட்டியலில் எந்தத் தலைப்பில் வருகிறது என்று சிகிச்சை தரும் மருத்துவமனையின் திட்ட மேசையில் கேட்ட பிறகே நாள் குறியுங்கள். ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதலில் காட்டிக் கடிதம் பெற்றுக்கொண்டு போவது நல்லது.

7. பணம்

எனக்குக் கிடைத்த மூன்று மதிப்பீடுகள் 4.6 லட்சம், 5.2 லட்சம், 6.1 லட்சம். நான் தேர்ந்த இடத்தின் மதிப்பீடு 4.6 லட்சம், இறுதி பில் 5.35 லட்சம். கூடுதல் தொகை எங்கே போனது என்று பார்த்தால், இரண்டு ஸ்டேப்ளர் தோட்டாக்களும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இன்னொரு நாளும்தான். ஆகவே மதிப்பீட்டில் எத்தனை தோட்டாக்கள் அடங்கும், அதற்கு மேல் ஒவ்வொன்றும் எவ்வளவு, கசிவு ஏற்பட்டு மீண்டும் அறுவை அரங்குக்குப் போனால் யார் செலவு ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல் பில்லில் ஏறாது. ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்க்கு மேல் வாடகை உள்ள அறைக்கு 5 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு, பாலிசியில் உள்ள அறை வாடகை வரம்பைத் தாண்டினால் மற்ற சில செலவுகளும் அதே விகிதத்தில் வெட்டப்படலாம்.

நகையை அடகு வைத்தோ சீட்டை எடுத்தோ ரொக்கமாகக் கொண்டுபோவது நம் பக்கத்து வழக்கம். 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் மருத்துவமனைக்கு இடம் தருவதில்லை. பணத்தை வங்கியில் போட்டுப் பரிமாற்றம் செய்யுங்கள். உங்கள் கணக்கின் அன்றாடப் பரிமாற்ற வரம்பை ஒரு வாரம் முன்பே உயர்த்தி வையுங்கள். வங்கியில் வேலை பார்க்கும் நானே இதை மறந்துவிட்டு, சேர்க்கை மேசையில் மைத்துனரின் கைபேசியைக் கடன் வாங்கினேன்.

8. நாள் குறித்த பிறகு

அறுவைக்கு முன் சுமார் இரண்டு வாரங்கள் கல்லீரல் சுருங்குவதற்கான குறைந்த மாவுச்சத்து உணவு தருவார்கள். புகையிலையைக் குறைந்தது ஆறு வாரங்கள் முன்பே விட வேண்டும். வெற்றிலையோடு போடுவதும் இதில் சேரும். வாராந்தர எடைக்குறைப்பு ஊசி, ரத்தம் நீர்க்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை எவையெல்லாம் எடுக்கிறீர்கள் என்று மயக்க மருந்து மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். ரத்தம் தரக்கூடிய இருவரைத் தயார் செய்யுங்கள்.

ஆனித் தேரோட்டத்துக்குள் முடித்துவிட்டு ரத வீதியில் நின்று தேர் பார்க்கலாம் என்று நான் கணக்குப் போட்டேன். அது நடக்கவில்லை. அலுவலகத்தில் குறைந்தது ஒரு மாத விடுப்புக்கு எழுதிக்கொடுங்கள். வெளியூரில் அறுவை செய்துகொள்பவர்கள், டிஸ்சார்ஜ் ஆன பிறகும் ஒரு வாரம் மருத்துவமனைக்கு அருகிலேயே அறை எடுத்துத் தங்குவது பாதுகாப்பு. மதுரை நமக்குச் சுமார் 160 கிலோமீட்டர். சென்னை அறுநூறுக்கும் மேல். காலில் ரத்தம் உறையும் அபாயம் இருப்பதால், திரும்பும்போது பேருந்தில் மடக்கி உட்காராமல் ரயிலில் கீழ்ப் படுக்கை எடுத்து, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை பெட்டிக்குள் நடங்கள்.

9. ஊர் திரும்பிய பிறகு

முதல் இரு வாரங்கள் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று உணவு ஏறும். நாளொன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும். பைபாஸ்காரர்கள் அல்வா சாப்பிட்டால் கால் மணி நேரத்தில் வியர்த்து, நெஞ்சு படபடத்து, படுக்கத் தோன்றும். சொதிச் சாப்பாட்டுக்கு யாராவது அழைத்தால் போய் வாழ்த்திவிட்டு வந்துவிடுங்கள்.

இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் சேர்த்துப் போடாதீர்கள்; இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள் இணைப்பிடத்தில் புண்ணை உண்டாக்கும். எங்கள் தெரு மருந்துக்கடைத் தம்பி, "அண்ணாச்சி, இது சும்மா வலி மாத்திரதான், பயப்படாம போடுங்க" என்றார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதேதான்.

ஒன்றை மட்டும் வீட்டிலுள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். தொடர்ந்து வாந்தி எடுத்துச் சோர்ந்தவரை அருகிலுள்ள கிளினிக்கில் படுக்கவைத்து குளுக்கோஸ் ஏற்றுவது நம் ஊரில் சாதாரணம். இந்த அறுவை செய்தவர்களுக்கு வாந்தியால் பி1 எனும் தயாமின் வற்றியிருக்கும். அது ஏற்றாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். "பைபாஸ் செய்தவர், முதலில் தயாமின்" என்று சொல்ல உங்கள் மனைவிக்கோ மகனுக்கோ தெரிந்திருக்க வேண்டும்.

நாடித் துடிப்பு 120ஐத் தாண்டுவது, காய்ச்சல், மூச்சுத் திணறல், இடது தோள்பட்டை வலி ஆகியவை முதல் வாரங்களில் வந்தால் கசிவாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திராமல் அறுவை செய்த மருத்துவமனைக்குப் பேசிக்கொண்டே கிளம்புங்கள். மாதங்கள் கழித்து வயிறு சுருட்டிச் சுருட்டி வலித்தால் வாயு என்று விட்டுவிடாமல் சி.டி. ஸ்கேன் கேளுங்கள், குடல் சிக்கியிருக்கலாம்.

ரத்தப் பரிசோதனை மூன்றாவது, ஆறாவது, பன்னிரண்டாவது மாதங்களிலும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் தேவை. சத்து மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும். செய்த அறுவையின் பெயர், தேதி, மருத்துவரின் கைபேசி எண், "வலி மாத்திரை வேண்டாம், மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாயை உள்ளே பார்க்காமல் செலுத்த வேண்டாம், தயாமின் முதலில்" என்ற மூன்று வரிகள் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி லேமினேட் செய்து பர்ஸில் வையுங்கள். பாளை மார்க்கெட் அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் நான் இரண்டாகச் செய்துகொண்டேன். ஒன்று என்னிடம், மற்றொன்று வீட்டு மருந்துப் பெட்டியின் மூடியில்.